லெமிங் குதிக்கவில்லை

எழுத்தில் வருவதை நாம் சந்தேகிக்கிறோம். காட்டு விலங்கின் படத்தையோ அப்படியே நம்பிவிடுகிறோம்.

1958இல் வால்ற் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'வைற் வில்டர்னெஸ்' என்னும் விவரணப் படம் ஒஸ்கார் பரிசும் பெற்றது. துருவப் பிரதேசத்து லெமிங்குகள், எலியையொத்த சிறு பிராணிகள், கூட்டங் கூட்டமாகப் பாறையிலிருந்து கடலில் வீழ்ந்து மாள்வதாக அது காட்டிற்று. உண்மையில் அக்காட்சி படமானது, கடலே இல்லாத அல்பேர்ட்டாவில்! மானிற்றோபாவில் விலைக்கு வாங்கிய சில பிராணிகளைச் சுழல்மேடையில் ஓடவிட்டுப் பெருங்கூட்டமாகக் காட்டினார்கள். பின்னர் ஆற்றங்கரைச் செங்குத்திலிருந்து அவற்றைக் கீழே தள்ளினார்கள். 1982இல் கனேடியத் தொலைக்காட்சி இதனை அம்பலப்படுத்தியது.

தொகை பெருகும் ஆண்டுகளில் லெமிங்குகள் இடம்பெயரும். வழியில் நீர்நிலை குறுக்கிட்டால் நீந்தும், சில மூழ்கும். அவ்வளவே. தற்கொலைக் கதை முன்னரே உலவியதுதான். படம் அதற்குக் கண்கண்ட சாட்சியாயிற்று.

'கொன்றது கொடுமைதான். ஆனால் பொய்யால் எலிக்கு என்ன நட்டம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மனிதனைப் பற்றிப் பொய் சொன்னால் அவன் மறுத்துரைப்பான், இதற்கு வாயில்லை. எனவே அதற்காகப் பேச வருபவனின் கடமை குறைவதில்லை, கூடுகிறது. மேலும், இங்கே கொலைஞன் தன் செயலைக் கொலையுண்டதன் இயல்பென்று உலகுக்குக் காட்டினான். கொலையிலும் இது எனக்குக் கொடிதாகப் படுகிறது.

இன்றும் ஆங்கிலத்தில், சிந்தியாமல் கும்பலோடு அழிவுக்குப் போகிறவனை லெமிங் என்றே அழைக்கிறார்கள்.