பொது மண்டபமும் விற்போர் உரையும்

அறம் பற்றிய வினாக்கள் வாழ்வின் பெருநிகழ்ச்சிகளில் மட்டும் தோன்றுவன அல்ல. ஊர் நூலகத்திலுள்ள கூட்ட மண்டபத்தை யாருக்கு, எந்நிபந்தனையின் பேரில் வழங்குவது என்னும் சிறியதொரு நிருவாக வினாவினுள்ளும் அறத்தின் அடிப்படைச் சிக்கலொன்று பொதிந்து கிடக்கின்றது. நூலகம் மக்களின் பொதுச்சொத்து. வணிகனும் மக்களுள் ஒருவன். தன் தொழிலைப் பற்றியோ பொருளைப் பற்றியோ பேசுவதற்கு அவன் அம்மண்டபத்தைக் கேட்பானாயின், கொடுப்பது நீதியா, மறுப்பது நீதியா?

கீரிமலைச் சூழலில் நின்று இவ்வினாவை நோக்குதல் பயன்தரும். கடலின் உவர்நீருக்கு அணித்தே நன்னீர் ஊறும் அங்குள்ள கேணியில் நகுலேஸ்வரத்தை வழிபட வருவோரும், ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் ஆற்ற வருவோரும் நீராடுகின்றனர். அவருள் வணிகரும் உளர். “நீ விற்பவன்; கரையேறு” என்று அவரை எவரும் தடுப்பதில்லை. ஆயினும், அவருள் ஒருவர் கேணியின் படியிலே கடை விரித்து, தம்மிடம் பொருள் வாங்கியோரே நீரில் இறங்கலாம் என்பாராயின் அதனை எவரும் பொறுக்கமாட்டார். திருவிழாக் காலத்திலும் இம்முறையையே காண்கின்றோம். கடைகள் வெளிவீதியில் அமையும். கடைக்காரர் கோயிலுள்ளே செல்லும்போது அடியவராகவே செல்வர். ஆளை விலக்காது செயலுக்கு எல்லை வகுக்கும் இவ்வழக்கினுள் நாம் தேடும் விடையின் வித்து உள்ளது.

ஆளை விலக்குவது எத்துணைத் தீங்கானது என்பதையும் அப்பகுதியின் வரலாறே நமக்குக் கற்பித்துள்ளது. கீரிமலைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், 1968 ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழையும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. எல்லார்க்கும் உரியதென்று சொல்லப்பட்ட இடம் பிறப்பைக் கேட்டுக் கதவடைத்த வரலாறு நம்முடையது. வணிகனுக்கு மண்டபம் மறுப்பது அக்கொடுமையோடு ஒப்பிடத்தக்கதன்று. எனினும், ஒருவர் செய்வதைப் பாராது அவர் யாரென்பதைக் கொண்டே தீர்ப்பளிக்கும் பழக்கம், தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. ஆதலின் “நீ யார்?” என்னும் வினாவை நூலகத்தின் வாயிலில் வைக்க நாம் பெரிதும் தயங்குதல் வேண்டும்.

உலக நூலக மரபும் இத்தயக்கத்தை அறிந்தே வளர்ந்துள்ளது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நூலக உரிமைச் சாசனம், கூட்ட மண்டபங்கள் நம்பிக்கை வேறுபாடும் சார்பு வேறுபாடும் பாராது எல்லாக் குழுவினருக்கும் சம நிலையில் கிடைக்க வேண்டுமென்ற கொள்கையைக் கொண்டிருந்தது. ஆயினும் வணிகர் வந்து கேட்கும்போது அந்நாட்டு நூலகங்கள் ஒரே வழியிற் செல்வதில்லை. சில, விற்பனையையும் நுழைவுக் கட்டணத்தையும் முற்றாகத் தடுக்கின்றன. வேறு சில, கூடுதல் வாடகை பெற்று இடமளிக்கின்றன. ஆகவே சமத்துவம் என்னும் சொல் மட்டும் நம் வினாவைத் தீர்த்துவிடாது.

வணிகர்க்கு ஆதரவாகக் கூறப்படுவதை முதலில் ஆராய்வோம். வருமான வரிச் சட்டத்தை நன்கறிந்தவர் கட்டணம் பெறும் கணக்காளரே. நீரிழிவு பற்றித் தெளிவாகப் பேசவல்லவர் தனியார் மருத்துவமனையிற் பணியாற்றும் மருத்துவராக இருக்கலாம். ஊதியம் கருதிப் பேசுவோர் யாவரும் பொய்யுரைப்பர் எனக் கொள்ளின், ஆசிரியரும் நூலாசிரியரும் அப்பழியினின்று தப்பார். நூலகத்தின் தட்டுகளில் உள்ள நூல்களுட் பலவும் விலைக்கு விற்கப்பட்டவையே. இவ்வாதம் வலிமையுடையது, இதனை எளிதில் ஒதுக்குதல் நேர்மையாகாது.

ஆயினும், மண்டபம் என்பது நாற்காலியும் மின்விசிறியும் மட்டுமன்று. அங்கு நின்று பேசுபவருக்கு அவ்விடத்தின் நன்மதிப்பும் சேர்ந்தே கிடைக்கின்றது. அம்மதிப்பு எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகமே சான்று. 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய முயற்சி, 1934 இல் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகமாயிற்று. 1959 ஒக்ரோபர் 11 ஆம் நாள் புதிய கட்டடத்திற் குடிபுகுந்தது. அக்கட்டடத்துக்குப் பொருள் திரட்டக் களியாட்டு விழாவும் லொத்தரும் நடத்தப்பட்டன. அங்கே வணிகம் நூலகத்துக்குத் தொண்டு செய்தது. நூலகம் வணிகத்துக்குத் தொண்டு செய்யவில்லை. 1981 மே 31 ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தபோது, ஒரு மக்கட் கூட்டமே தன் உறவை இழந்ததுபோலத் துயருற்றது. அத்தகைய மதிப்பைப் பல தலைமுறையினர் சேர்த்து வைத்துள்ளனர். ஒரு மாலைப்பொழுதின் வாடகைக்கு அதனைக் கைமாற்றும் உரிமை எந்த நிருவாகிக்கும் இல்லை.

இது வெறும் உணர்ச்சிவயப்பட்ட பேச்சன்று. 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் 2009 இன் பின்னர் படிப்படியாகவே தம் ஊர்களுக்குத் திரும்பினர். வீட்டையும் தொழிலையும் புதிதாகத் தொடங்க அவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் விரைந்து பரவின. பெண்களைக் குழுக்களாக அமைத்து, ஊர்களிலேயே கூட்டம் கூட்டிக் கடன் வழங்கின. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கும் நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர். 2018 இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களை நீக்க அரசே முன்வர வேண்டியதாயிற்று. அக்கூட்டங்கள் நூலகங்களில் நிகழ்ந்தன என்பது நம் கூற்றன்று. ஆயினும், அத்தகைய அழைப்பு ஊர் வாசிகசாலையின் கூரையின்கீழ் விடுக்கப்படுமாயின் யாது நிகழும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன் பிள்ளை நாள்தோறும் சென்று படிக்கும் இடத்தில் ஒரு தாய் ஐயத்தோடு அமரமாட்டாள். சந்தையிற் கேட்கும் கேள்விகளை அங்கே கேட்க நாணுவாள். அவளுடைய அந்த நம்பிக்கையே விற்பவரின் முதலாகிவிடும்.

ஆகவே, பேசுபவர் யார் என்பதை விடுத்து, கேட்பவர் எந்நிலையில் வைக்கப்படுகிறார் என்பதையே அளவுகோலாகக் கொள்ளல் தகும். வந்தவர் எதுவும் கொடாமல், எதுவும் வாங்காமல், தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதாமல், விரும்பிய கணத்தில் எழுந்து செல்ல இயலுமா? இயலுமெனின் பேசுபவர் வணிகராயினும் அது அறிவுப் பகிர்வே. மண்டபத்தை அவருக்கு வழங்கலாம். பேசுபவர் தம் தொழில் இன்னதென்று தொடக்கத்திலேயே வெளிப்படக் கூறுதல் வேண்டும். இயலாதெனின், அவர் எத்துணை நல்லவராயினும் அது விற்பனையே. அதற்குரிய இடம் சுன்னாகச் சந்தையும் தனியார் மண்டபங்களுமாகும். இவ்வளவுகோல் வணிகர்க்கு மட்டும் உரியதன்று. அரசியற் கட்சியும் சமய அமைப்பும் அறநிலையமும் இதற்குக் கட்டுப்பட வேண்டும். விதி முன்கூட்டியே எழுதப்பட்டு அறிவித்தற் பலகையில் இடப்படுதலும் வேண்டும். தலைவரின் தயவிலும் நூலகரின் முகமனிலும் தங்கியிருக்கும் நீதி நீதியாகாது.

பிரதேச சபைகளின் வருவாய் சிறிது; வாடகைப் பணம் நூல்கள் வாங்க உதவும் என்பர் சிலர். அதன் உண்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் கூடுதல் பணம் தருபவருக்கே மண்டபம் என்றாகிவிடின், விடுமுறை நாள்களின் நல்ல நேரமெல்லாம் அவர்வசமாகும். பணமில்லாத மாணவர் மன்றமும் மாதர் சங்கமும் வாயிலிலே காத்து நிற்கும். மேலும், விற்பனை நோக்கமற்ற கூட்டமும் வாசகர் வழியை அடைத்தல் ஆகாது. 2010 ஒக்ரோபரில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மருத்துவர் மாநாடு நடைபெற்ற வேளையில், பார்வையாளர் உள்ளே விடப்படாமையால் தென்னிலங்கையிலிருந்து வந்தவர்களோடு முறுகல் ஏற்பட்டது. மண்டபத்துக்கு உள்ளே நிகழ்வது எவ்வளவு சிறந்ததாயினும், நூலகத்தின் முதலுரிமை வாசிக்க வந்தவருக்கே உரியது.

பொது என்பது எவருக்கும் உரிமையற்ற வெற்றிடமன்று. ஒவ்வொருவருக்கும் முழு உரிமையுள்ள இடமாகும். அவ்வுரிமையை ஒருவர் துய்க்கும்போது மற்றவரின் பங்கு குறையாதிருக்க வேண்டும் என்பதே அதன் அறம். வணிகரும் வரட்டும், தாம் அறிந்ததைச் சொல்லட்டும். கேட்க வந்த ஏழைத் தாய், வந்தபோது இருந்த சுதந்திரத்துடனும் சற்று மிகுந்த அறிவுடனும் வீடு திரும்புவாளாயின், அம்மண்டபம் தன் கடமையைச் செய்தது எனலாம்.