பந்தியில் நின்றவர்கள்

ஒரு வி.சி.டி.யில் 74 நிமிடம் ஏறும். கொஞ்சம் இழுத்தால் 80. தொண்ணூறுகளில் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கல்யாணம் பிடித்த வி.எச்.எஸ். கேசட்டோ 3 மணி நேரம் ஓடக்கூடியது. கேசட்டை சி.டி.யாக மாற்றக் கடைக்குப் போனவர்களிடம், "ரெண்டு சி.டி. போதுமா, மூணு வேணுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று என்றால் வெள்ளி கூடும். எனக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாரும் இரண்டு போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மிச்ச அரை மணி நேரத்தில் யார் இருந்தார்கள் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

என் கேள்வி அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது. வீட்டு வீடியோவைத் தட்டில் ஏற்றிக் கொடுக்கிறவன் அதில் எதையாவது வெட்டலாமா? கேசட்டின் சொந்தக்காரரே வெட்டச் சொன்னால்?

நான் கடை வைத்திருப்பவன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்துவிட்டு நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் சொந்தக்காரர்களுக்கும், எங்கள் தோட்டத்திலிருந்து வெளியேறி இப்போது செனவாங், ரந்தாவ் பக்கம் தாமான்களில் இருப்பவர்களுக்கும் பழைய கேசட்டுகளை டி.வி.டி.யாக்கித் தருகிறேன். "இந்தக் காலத்துல டி.வி.டி.யா?" என்று நண்பர்கள் சிரிப்பார்கள். பென்டிரைவ் கொடுத்தால் பாட்டிமார் அதை நகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேரப்பிள்ளை கைப்பேசியோடு வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். டி.வி.க்குக் கீழே இருக்கும் பிளேயரில் தட்டைப் போட்டு ரிமோட்டை அமுக்க அவர்களுக்கே தெரியும். யார் தயவும் வேண்டாம்.

ஆனால் அந்தப் பிளேயர் கறாரானது. எம்.பி.4 கோப்பை அப்படியே தட்டில் போட்டுக் கொடுத்தால் பழைய பிளேயர் பல சமயம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எம்பெக்-2 ஆக்கி, நம் நாட்டு முறைப்படி நொடிக்கு 25 ஃபிரேம் வைத்து, டி.வி.டி. வீடியோவுக்கு உரிய அமைப்பில் கோப்புகளை அடுக்கி, கடைசியில் ஃபைனலைஸ் பண்ண வேண்டும். ஃபைனலைஸ் பண்ணாத தட்டு என் கணினியில் ஓடலாம், பாட்டி வீட்டில் ஓடாது. பண்ணிய பிறகு அந்த டி.வி.டி.-ஆர் தட்டில் ஒரு நொடியைக்கூடச் சேர்க்க முடியாது. லேசர் நிஜமாகவே தட்டின் சாயப் படலத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறது. "பர்ன் பண்றது" என்றே எல்லாரும் சொல்கிறோம். நல்லவேளை, யாரும் அதைத் தமிழ்ப்படுத்தவில்லை. ஒருத்தர் கல்யாணத்தை எரித்துத் தருகிறேன் என்று எப்படிச் சொல்வது?

டி.வி.டி.யில் இடம் பெரிய பிரச்சினை இல்லை. 4.7 ஜி.பி. தட்டில் 3 மணி நேரம் ஏற்றினால் நொடிக்கு ஏறக்குறைய 3.5 மெகாபிட் கிடைக்கும். வி.எச்.எஸ். படத்தின் தெளிவே குறைவுதான் என்பதால் 720 பிக்சலுக்குப் பதிலாக 352 பிக்சல் அகலத்தில் வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆக முழுதாக வைக்க முடியும். ஒரே ஒரு தொந்தரவு. பிட் போதாத நேரத்தில் என்கோடர் இருட்டான இடங்களின் மெல்லிய வேறுபாடுகளைத்தான் சீக்கிரம் கைவிடும். ராத்திரிக் கல்யாணத்தில் வீடியோக்காரரின் விளக்கு மாப்பிள்ளை பொண்ணு மேல் விழுகிறது. பின்னால் லயத்து ஓரம் நிற்கிற கறுத்த முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்துபோகின்றன. வி.சி.டி.யில் படத்துக்கு நொடிக்கு 1.15 மெகாபிட்தான், அங்கே நிலைமை இன்னும் மோசம். யாரும் வெட்டாமலேயே சிலர் போய்விடுகிறார்கள். அதையாவது பிட் கூட்டிச் சரிசெய்யப் பார்க்கலாம். வெட்டச் சொல்லிக் கேட்பதுதான் சிக்கல்.

எனக்கு மாமா முறை ஆகும் ஒருவர் தன் கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்தார். 1994இல் எடுத்தது. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் பந்தல். "தம்பி, அந்தச் சாப்பாடு போடறதையெல்லாம் வெட்டிடு. இருபது நிமிஷம் வாயையேதான் காட்டறான். தாலி கட்டறது, மாலை மாத்தறது, எங்கப்பா பேசறது, அது போதும்" என்றார். நியாயமான பேச்சுதான். அவர் கல்யாணம், அவர் காசு.

அந்த இருபது நிமிடத்தில் கேமரா பந்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறது. காலையில் கித்தா வெட்டிவிட்டு வந்து குளித்த ஈரத் தலையோடு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மண்டோர் தனியாக ஓர் ஓரத்தில். சாய்த்துவைத்த சைக்கிள்கள், லயத்தின் தகரக் கூரை, குழாயடி. சாம்பார் வாளியோடு ஒரு பையன் 11 நொடி வருகிறான். கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு உடனே குனிந்து பரிமாறுகிறான். மாமாவுக்கு அவன் பேர் ஞாபகமில்லை. என் அம்மாதான் திரையைப் பார்த்துச் சொன்னார். இரண்டு வருசம் கழித்து மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்துப்போன பையன். அவனுடைய அம்மா இன்னும் இருக்கிறார். அவர்கள் வீட்டில் வீடியோ வைத்து எந்த விசேசமும் நடந்ததில்லை. அவன் அசைகிற படம் இந்த 11 நொடிதான்.

சட்டம் மாமா பக்கம். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்தக் குடும்பக் காரியத்துக்கு வைத்திருப்பதைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்கிறது. சாம்பார் வாளி தூக்கியவனுக்கும் அவன் அம்மாவுக்கும் இங்கே இடமே இல்லை.

எனக்கு இது போதவில்லை. தோட்டத்துக் கல்யாணத்தை ஒரு குடும்பம் மட்டும் நடத்தியதில்லை. பந்தல் போட்டது அக்கம்பக்கம், தேங்காய் துருவியது அக்கம்பக்கம், பரிமாறியது எல்லார் வீட்டுப் பையன்களும். வீடியோக்காரருக்குக் கொடுத்த காசு மட்டும் மாமாவுடையது. ஆகவே தன் தட்டில் எது இருக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யலாம். எது இல்லாமலே போக வேண்டும் என்பதை அவர் ஒருவர் முடிவு செய்ய முடியாது என்று நினைக்கிறேன். முன்பு இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. சி.டி.யில் விட்டது கேசட்டில் இருக்கும், வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாம். 2016 ஜூலையோடு ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் வீடியோ ரெக்கார்டர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. என்னுடையது இரண்டு பழைய இயந்திரங்களைப் பிரித்து ஒன்றாக்கியது. நம் ஈரக் காற்றில் கேசட்டுகள் பூஞ்சை பிடித்து வருகின்றன. இன்று மாற்றும்போது விட்டதை மறுபடி யாரும் எடுக்கப்போவதில்லை.

"எல்லாத்தையும் வச்சுக்கிட்டு யாருப்பா உக்காந்து பார்க்கிறது?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. முழுசையும் யாரும் பார்க்கப்போவதில்லைதான். ஆனால் எந்த 11 நொடி யாருக்கு வேண்டும் என்பது எடுத்தவருக்கும் தெரியாது, வெட்டுகிறவனுக்கும் தெரியாது. ஹங்கேரிய இயக்குநர் பீட்டர் ஃபோர்காச் 1997இல் 'தி மேல்ஸ்ட்ரோம்' என்று ஒரு படம் செய்தார். பெரும்பாலும் நெதர்லாந்தின் ஒரு யூதக் குடும்பம் தானே எடுத்த வீட்டுப் படங்களால் ஆனது. கடைசிப் பகுதியில் குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து துணி தைக்கிறது, வேலை முகாமுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு. அவர்கள் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ். நம் தோட்டங்களை அதோடு ஒப்பிட நான் வரவில்லை. துணி தைப்பதை எல்லாம் எதுக்கு வைக்கணும் என்று யாராவது வெட்டியிருந்தால் என்று மட்டும் யோசித்தேன்.

இங்கே கித்தா போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லின்சம், சுவா பெத்தோங், கெர்பி, கெடிஸ் என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமக்கின்றன. தீபக் குமரன் மேனன் 2005இல் எடுத்த 'செம்மண் சாலை'யில் தோட்ட வாழ்க்கையை நடிகர்களை வைத்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. நடிக்காத தோட்டம் வீட்டு அலமாரிகளில் கேசட்டாகக் கிடக்கிறது.

மாமாவுக்கு இரண்டு தட்டு போட்டேன். சுருக்கியது ஒன்று, முழுசு ஒன்று. அந்த அம்மாவுக்கு 11 நொடியைத் தரலாமா என்று கேட்டதும், "குடு, இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்றார். 11 நொடியை மட்டும் தட்டில் போட்டால் பிளேயர் சுழல ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் பந்தி இருபது நிமிடத்தையும் அப்படியே கொடுத்தேன், மெனுவில் ஒரு பட்டனை அவன் வரும் இடத்துக்கு வைத்து.

இன்னொரு கேசட்டில்தான் என் வாதம் தடுமாறுகிறது. ஒரு கோயில் திருவிழா. குடித்த ஓர் ஆள் கூட்டத்தில் தன் மனைவியைக் கூப்பிட்டு அடிக்கிறான். நான்கு நிமிடம், கேமரா திரும்பவே இல்லை. கேசட்டின் சொந்தக்காரர் அதை எடுக்கச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே பார்த்தார். எடுக்கச் சொன்னவர் அடிவாங்கிய அந்த அத்தை, தன் மகள் மூலம். படத்தில் இருப்பவர் தன்னை எடுக்கச் சொல்வது, சொந்தக்காரர் இன்னொருவரை எடுக்கச் சொல்வதைவிடக் கனமானது. அதனால் யாருக்கும் கொடுக்கிற தட்டில் அந்த நான்கு நிமிடம் இல்லை. சொந்தக்காரர் கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

ஆனால் முழுக் கோப்பு என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அதையும் அழிக்கச் சொல்கிறார் மகள். அந்த நான்கு நிமிடம் பூராவும் பின்னால் திண்ணையில் மூன்று கிழவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், நல்ல வெளிச்சத்தில், முகம் தெளிவாக. ஒருவரின் பேரன் செனவாங்கில்தான் இருக்கிறான். அவனிடம் இன்னும் பேசவில்லை.