மிதவையும் தீர்மானமும்

விலைக்கு வாங்கிய ஆபத்து ஆபத்தாகுமா? எழுதுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு வெகு சீக்கிரம் பதில் சொல்லிவிடுகிறார்கள். விடுமுறைக்கு வந்து, பணம் கட்டி, தலைக்கவசமும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு, ரப்பர் மிதவையில் ஏறி, பாறைகளுக்கிடையே நுரைத்து விழும் ஆற்றில் இரண்டு மணி நேரம் போய்வருகிறவன் அடைந்தது சாகசத்தின் நகல்தான் என்பது அந்தப் பதில். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு, நனையாமலேயே ஒரு மேன்மை கிடைத்துவிடுகிறது. அந்தக் காரணத்துக்காகவே இந்தப் பதிலைச் சந்தேகிக்க வேண்டும்.

போலி என்ற வாதத்துக்கு மிகவும் சாதகமான ஓர் ஆற்றையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ஓடும் ஓகோயி. 1913-இல் கட்டி முடித்த ஓர் அணையிலிருந்து இதன் தண்ணீரை மரப்பலகைகளாலான கால்வாய் ஒன்று மலைச்சரிவோடு கொண்டுபோய் மின்நிலையத்தில் சேர்த்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து மைலில் ஆற்றுப் படுகை வெறும் பாறையாகக் கிடந்தது. 1976-இல் கால்வாய் பழுதாகி மூடப்பட்டபோது தண்ணீர் தன் பழைய வழியில் இறங்கிற்று. அந்த நுரையைப் பார்த்துப் படகுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு தொழில் வந்தது. 1983-இல் கால்வாய் சீராகி, படுகை மறுபடி வற்ற வேண்டிய நிலை வந்தபோது தகராறு எழுந்தது. முடிவில், குறித்த நாட்களில் ஆறு ஆறாக ஓடுவதால் நஷ்டமாகும் மின்சாரத்துக்கு ஈடாக அமெரிக்கக் காங்கிரஸ் 74 லட்சம் டாலர் ஒதுக்கியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் படகுப் போட்டிக்காக இதே ஆற்றின் மேற்பகுதியில் கற்களை அடுக்கிப் படுகையைக் குறுக்கினார்கள். தண்ணீர் விடும் நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும், அதுவரை துடுப்பைத் தொட்டிராதவர்களும், போகலாம்.

இதைவிடச் செயற்கையான பிரவாகத்தைக் கற்பனை செய்வது கஷ்டம். ஆனால் மதகைத் திறந்தது யார் என்பது தண்ணீருக்குத் தெரியாது. பாறையைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் சுருண்டு, மேலே வந்து, விழுந்த இடத்துக்கே திரும்புகிறது. அதில் அகப்பட்டவனை அட்டவணை பார்த்து அது விடுவிப்பதில்லை. நுரை வெளுத்திருப்பது காற்று கலந்திருப்பதால். காற்று கலந்த தண்ணீர் உடம்பைச் சரியாகத் தாங்குவதுமில்லை. பயங்கரமான இயற்கை நம்மை ஈர்ப்பது நாம் பத்திரமான இடத்தில் இருக்கும்வரைதான் என்று 1790-இல் கான்ட் எழுதினார். அந்தப் பத்திரமான இடத்தை ஆற்றின் நடுவிலேயே தருவதாகச் சொல்லி விற்கிறது இந்த வியாபாரம். அதை முழுதாகத் தர யாராலும் ஆகாது. ஆக, ஆபத்து போலி இல்லை. பின் எது குறைகிறது?

இதைப் பார்க்க, யாரும் விலைக்கு வாங்காத ஒரு பயணத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். 1869-இல், உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்திருந்த ஜான் வெஸ்லி பவல், பத்துப் பேராக நான்கு படகுகளில் கிளம்பி, வரைபடமில்லாத கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினார். ஆகஸ்ட் 28-ஆம் தேதி, உணவு தீரும் தறுவாயில், ஒரு மோசமான பாறைச்சரிவின் தலைப்பில் மூன்று பேர் இனி ஆற்றில் வரமாட்டோம் என்று சொல்லி, பள்ளத்தாக்கின் பக்கச் சுவரில் ஏறிப் போனார்கள். மீதி ஆறு பேரும் படகில் அந்தச் சரிவைக் கடந்தார்கள். மறுநாளே பள்ளத்தாக்கு முடிந்துவிட்டது. ஏறிப் போன மூவரும் ஊர் வந்து சேரவே இல்லை. அன்று காலை தெரிந்தவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் குறைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. இரு தரப்பும் செய்தது ஒரே காரியம்: தாங்களே எடைபோட்டு, தங்கள் உயிரை வைத்துத் தீர்மானித்தார்கள். ஓகோயியில் புதிதாக ஏறுகிறவனுக்கு ஆபத்து இருக்கிறது, இந்தத் தீர்மானம் இல்லை. கரையில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதோடு அவன் பங்குத் தீர்மானம் முடிந்துபோகிறது. அதுவும் தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழிக்கு நேர் எதிராக, ஆழம் தெரிந்த ஒருவரை நம்பி அவன் காலை விடுகிறான்.

அந்த ஒருவர் மிதவையின் பின்முனையில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரின் வேகத்திலேயே போகும் படகு தண்ணீர் போகும் இடத்துக்குத்தான் போகும். வேறு இடத்துக்குப் போக, தண்ணீரைவிட வேகமாகவோ மெதுவாகவோ போயாக வேண்டும். பவலின் ஆட்கள் பாறைச்சரிவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தண்ணீரைவிட வேகமாகத் துடுப்பு வலித்தார்கள். 1890-களில் நாதேனியல் காலோவே என்பவர் சரிவைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, ஓட்டத்துக்கு எதிராக வலித்து, படகை மெதுவாக்கினார். புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் உயிரை ஒப்பிட்டது பாறைகளில் மோதி இரையும் பேராற்றோடு போகும் மிதவைக்கு. அந்த மிதவையில் துடுப்பு இல்லை. அவர் சொல்ல வந்ததற்கு அது தேவையுமில்லை. துடுப்பு வந்த பிறகு மனிதனுக்குக் கிடைப்பது ஆற்றின்மேல் வெற்றியல்ல, ஒரு சின்ன வேக வித்தியாசம். நமது சுதந்திரம் என்பதன் அளவும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். ஓகோயி மிதவையில் அந்த வித்தியாசத்துக்கு வேண்டிய பலத்தைத் தருகிறவர்கள் புதியவர்கள். அது எந்தக் கணம், எந்தப் பக்கம் என்பது வழிகாட்டியின் குரலில் இருக்கிறது.

அந்தக் குரல் சொல்வதெல்லாம் உடம்பின் விருப்பத்துக்கு விரோதமானவை. பயத்தில் துடுப்பை நிறுத்தத் தோன்றும்போது வலி என்கிறது. மிதவை பாறையில் மோதும்போது விலகத் தோன்றும். பாறையின் பக்கமே சாய் என்கிறது, விலகினால் ஓட்டம் மறுபக்கத்தை அமுக்கிக் கவிழ்த்துவிடும். தண்ணீரில் விழுந்தவனுக்கு முதலில் தோன்றுவது எழுந்து நிற்பது. மல்லாந்து, பாதங்களை மேலே தூக்கி, ஓட்டத்தின் திசையில் நீட்டிக்கொள் என்கிறது. ஆழம் குறைந்த இடத்தில்தான் பாதம் பாறை இடுக்கில் சிக்கும், வேகம் ஆளை முகம் குப்புற அமுக்கும். ஆழம் தெரிந்தாலும் காலை ஊன்றாதே என்று பழமொழியைத் திருத்த வேண்டியிருக்கிறது. விழுந்த அந்தச் சில விநாடிகளில் யாரும் அவனுக்காகப் பாதத்தைத் தூக்கித் தரமுடியாது. விற்கப்பட்ட பயணத்தில் விற்கமுடியாமல் மிஞ்சும் பகுதி அது.

தீர்மானம் இல்லாத ஆபத்து என்பது ஆற்றுக்கு மட்டும் உரியதல்ல. பஸ்ஸில், அறுவை மேஜையில், அணைக்குக் கீழே உள்ள கிராமங்களில், யுத்தங்களில் நாம் இப்படித்தான் இருக்கிறோம். ஒரு வேற்றுமை உண்டு. அங்கெல்லாம் பெரும்பாலும் தீர்மானிக்கிறவர்கள் படகில் இல்லை. ஓகோயியிலும் மதகைத் திறக்கிறவர் படகில் இல்லை. வழிகாட்டி இருக்கிறார். அவர் தவறினால் அதே தண்ணீர் அவரையும் நனைக்கும், அதே பாறை அவரையும் அடிக்கும். நம்மை ஆளும் குரல்களில் எத்தனை இந்தத் தகுதி உடையவை என்று யோசித்தால், கேலிக்குரிய இந்த விடுமுறை வியாபாரத்தில் அபூர்வமான ஓர் உறவு தற்செயலாக மிஞ்சியிருப்பது தெரியும்.

அந்த உறவைக் கெடுப்பது பணமல்ல. கரையேறியதும் புதியவன் சொல்லிக்கொள்ளும் கதை கெடுக்கிறது: நான் ஆற்றை ஜெயித்தேன் என்பது. என்னைக் கொண்டுபோனார்கள், சொன்னதைச் செய்தேன், பயந்தேன் என்று சொல்ல ஏன் கூசுகிறது? பிற்பகலில் வழிகாட்டி வேறு சில புதியவர்களோடு அதே ஐந்து மைலைப் போவார். அவர்களில் யார் சொல் கேட்காமல் காலை ஊன்றுவார் என்பது அவருக்கும் முன்கூட்டித் தெரியாது.