திரளும் வினைமுதலும்

பலர் கூடிச் செய்த வினை யாருக்கு உரியது என்னும் வினா நம் மரபிற்குப் புதிதன்று. வினை, அதனைச் செய்வான், அதன் பயன், அப்பயனைக் கூட்டுவிப்பான் என நான்கு பொருளை உடன்பட்டார்க்கு, செய்வார் ஒருவராயினும் பதினாயிரவராயினும் கணக்கு வேறுபடாது என்று ஏட்டளவிற் சொல்லிவிடலாம். யானும் பன்முறை அவ்வாறு சொல்லியதுண்டு. ஆயின், 2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், பாரிஸ் மாநகரில் யான் உறைந்த காலத்து, என் இருப்பிடத்துச் சாளரத்தினின்று கண்டவை அவ்விடையை அத்துணை எளிதாகச் சொல்லவொட்டாமற் செய்துவிட்டன.

பிரெஞ்சு நாட்டில் வண்டி பழுதுற்று வழியில் நின்றால், பிறர் கண்ணிற் படுதற்காக அணிந்துகொள்ளும் மஞ்சள் மேற்சட்டை யொன்றைக் காரில் வைத்திருத்தல் 2008 முதற் சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. 2019 ஜனவரி முதல் எரிபொருள் வரி, டீசல் லிட்டருக்கு 6.5 சென்ட்டும் பெட்ரோலுக்கு 2.9 சென்ட்டும் உயருமென்று அரசு அறிவித்திருந்தது. பேருந்தும் ரயிலும் அருகிய நாட்டுப்புறங்களிற் கார் இன்றேல் வேலை இல்லை. வேலை இன்றேல் உணவில்லை. அவ்வூரார் அம்மஞ்சட் சட்டையையே அடையாளமாகக் கொண்டு நவம்பர் 17-ஆம் நாள் முதற் சனிக்கிழமைதோறும் தெருவில் இறங்கினர். ஒருவர் கண்ணிலும் படாது உழைத்து வந்தோர், கண்ணிற் படுதற்கென்று அமைந்த சட்டையையே தேர்ந்துகொண்டது மிகப் பொருத்தமென எனக்குத் தோன்றிற்று. அவர்தம் குறை மெய்க்குறை. அதனில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை.

வெற்றி வளைவை நோக்கிச் செல்லும் கிளேபர் பெருவீதியை அடுத்த ஒரு தெருவில் மூன்றாம் மாடியில் யான் இருந்தேன். காலையில் எதிர்வீட்டுப் படியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அமர்ந்து, குடுவையிலிருந்து காப்பி வார்த்து அருகிருந்தார்க்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். கை காப்பேறிய உழைப்பாளி. நண்பகலுக்குள் தெரு முழுதும் கண்ணீர்ப்புகை சூழ்ந்தது. பெருவீதியிற் கார்கள் எரிந்தன. அப்பொழுது அம்மனிதரை மீண்டும் கண்டேன். பெயர்ந்து கிடந்த பாவுகல் ஒன்றைக் கையிலெடுத்தார், வலமும் இடமும் ஒருமுறை நோக்கினார், எறிந்தார். எறிந்த பின் தம் உள்ளங்கையைச் சிறிது நேரம் பார்த்து நின்றார். பிறகு கூட்டத்துட் கலந்துவிட்டார்.

அன்று வளைவின்கண் நிகழ்ந்தவற்றைப் பின்னர் அறிந்தேன். ஆங்கே பெயர் அறியாப் போர்வீரன் ஒருவனது கல்லறையும், 1923 முதல் அணையாது காக்கப்பட்டுவரும் சுடரும் உள்ளன. மஞ்சட் சட்டையினர் சிலர் அக்கல்லறையைச் சூழ்ந்து நின்று காத்தனர். அதே நிறச் சட்டையினர் வேறு சிலர் உள்ளே புகுந்து பொருள்களைச் சிதைத்தனர். அங்கிருந்த பெண்ணுருவச் சுதைமுகம் ஒன்றின் ஒரு பாதி உடைந்து போயிற்று. காத்ததும் உடைத்ததும் ஒரு திரளே எனின், அத்திரளை நல்லதென்பதோ தீயதென்பதோ?

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்பது நம் கொள்கை. படிகம் தன்னை யடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல, அம்மனிதரும் காலையில் நட்பின் நிறத்தையும் மாலையிற் சினத்தின் நிறத்தையும் காட்டினார். ஆதலிற் குற்றம் நிறத்தினதே, படிகத்தினதன்று என்று ஒருவர் கூறலாம். அற்றன்று. படிகம் சடம், அது சார்பைத் தேராது. ஆன்மாவோ இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உடையது. இச்சார்பை விட்டு அச்சார்பைப் பற்றவல்லது. உவமையை அதன் எல்லை கடந்து நீட்டுவார் பலர். அது நம்மவரிடத்தும் உள்ள வழுவே. எறிவதற்கு முன் அவர் இருபுறமும் நோக்கியதே அவ்வினை தம்மது என அவர் அறிந்திருந்தமைக்குப் போதிய சான்று. திரளுக்கு இருபுறம் ஏது?

இனி, கூட்டத்திற் கலந்தவனுக்கு 'யான்' என்பது கெடுமன்றோ, அடியார் திருக்கூட்டத்திலும் அதுதானே நிகழ்கின்றது என வினவலாம். இவ்வினாவே என்னை நெடுநாள் வருத்தியது. விடை தந்தது ஓர் உரையாடல். டிசம்பர் 4-ஆம் நாள் பிரதமர் எதுவார் பிலிப் அவ்வரியுயர்வை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். அவ்வாரத்தில் ஒருநாள் அண்டை வீட்டார் ஒருவர் என்னிடம், "நாங்கள் கல்லெறிந்திராவிடின் அரசு செவி சாய்த்திராது," என்றார். "தாங்களும் எறிந்தீர்களோ?" என்றேன். "சீச்சீ, அது யாரோ சிலர் செய்தது," என்றார். விளைவைக் கொள்ளும்போது 'நாங்கள்'. வினையைத் தள்ளும்போது 'யாரோ சிலர்'. அடியார் கூட்டத்திலோ பயன் இறைவனுக்கு விடப்படும். பிழை 'என்னுடையது' என்று ஏற்கப்படும். முன்னதில் ஆணவம் கெடவில்லை. பெரியதொரு சட்டையை மாட்டிக்கொண்டு மறைந்து நின்றது.

வரி நின்றதை வினைப்பயன் என மயங்குவாரும் உளர். அது உலகியலில் நேர்ந்த விளைவு. எறிந்தவனுக்கு அவ்வினையின் பயனை ஊட்டுவது அமைச்சரவையன்று.

அரசினைச் சார்ந்து நின்று செய்தார்க்கும் இந்நெறி ஒக்கும். அதே நாளில் மார்செய் நகரில், எக்கிளர்ச்சியிலும் கலவாது தம் வீட்டுச் சன்னலருகே நின்ற 80 வயது மூதாட்டியொருவர் முகத்திற் போலீசாரின் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கியது. மறுநாள் அவர் மருத்துவமனையில் இறந்தார். அக்குண்டைச் செலுத்தியது ஒரு கை. 'அரசு' என்பதும் 'திரள்' போலவே ஒரு பெயர். அப்பெயருக்கு ஆன்மா இல்லை.

சாக்கிய நாயனார் எறிந்ததும் கல்லே யன்றோ எனச் சிலர் நகைத்துக் கேட்பர். கேட்கத்தக்கதே, மேற்கூறிய நான்கு பொருளைத் தெளிந்தவராகச் சேக்கிழார் காட்டுவது அந்நாயனாரையே. அவர் தனியே எறிந்தார், நாள்தோறும் எறிந்தார், உண்பதற்கு முன் தம் கடனாக எறிந்தார், மறந்த நாளில் உணவை விட்டெழுந்து ஓடிச்சென்று எறிந்தார். அவர் கல்லிற்கு வேறு உரிமையாளர் இல்லை. ஆளுவோர்க்குப் பணியாமையும் நமக்கு அயலன்று. பல்லவன் ஆணையை மறுத்த நாவுக்கரசர் அம்மறுப்பின் சுமை முழுவதையும், கடலில் வீழ்த்தப் பிணித்த கல் உட்பட, தாமே தாங்கினார்.

இதுவரை பிறர் வினையைப் பேசினேன். என்னதையும் சொல்லுதல் முறை. யான் சாளரத்தருகே வாளா நின்று கண்டவன், அயல்நாட்டான், அவ்வழக்கில் எனக்கு ஒரு பற்றும் இல்லை என்று எண்ணியிருந்தேன். ஆயின் அந்தக் கல் போலீசான் ஒருவன் கேடயத்திற் பட்டு ஒலித்த கணத்தில், என் நெஞ்சில் ஓர் உவகை எழுந்தது. சிறிது நேரத்தில் அதே போலீசார் ஓர் இளைஞனைக் கீழே தள்ளித் தடியால் அடித்தபோது சினம் எழுந்தது. ஒருவன் கையில் இன்னொரு கல் இருத்தலாகாதா என்றும் தோன்றிற்று. அன்றைய அந்திப் பூசையில் நீறு எடுக்கக் கை கூசியது. அறையெங்கும் அப்புகையின் கார்ப்பு.

ஆன்மா வெறுஞ் சாட்சி, தாமரையிலை நீர்போல ஒட்டாதது என்னும் சாங்கியர் கூற்றை மறுத்து யானே எழுதியதுண்டு. சாளரத்தருகே நின்றபோது அக்கூற்றிலேயே ஒதுங்கியிருக்கின்றேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மனம், வாக்கு, காயம் மூன்றும் வினைக்கு வாயில் எனக் கொண்டபின், காயம் அசைந்திலது என்பது விடையாகாது. அக்காட்சியைக் காண நேர்ந்தது பிராரத்தம் எனலாம். கண்டு உவந்ததோ ஆகாமியம் என்றே கொள்கின்றேன். அதன் அளவு எறிந்தவர் வினையினும் சிறிதோ, தம் பசியால் எறிந்தவர் முன் பசியில்லாதேன் உவந்தமையின் பெரிதோ என்பது எனக்குத் துணிபாகவில்லை. சாத்திரம் வல்ல பெரியோர் இதுபற்றித் தம் கருத்தை இவ்விதழ் வாயிலாகத் தெரிவிப்பாராயின் நன்றியுடன் ஏற்பேன்.