பதினாறு படிகள்

கப்பல் போர்ட் லூயிஸில் ஒரே ஒரு பகல் நின்றது. கப்பலில் பழக்கமான மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் பிடித்தோம். ஓட்டுநருக்கு முருகனின் பெயர்.

“தமிழ் கதைப்பீங்களோ?” என்று எங்களில் ஒருவர் ஆவலோடு கேட்டார். அவருக்குப் புரியவில்லை. வீட்டில் கிரியோல் பேசுவதாகவும், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார்.

“பாவம்” என்றது பின்னிருக்கை. நானும் தலையசைத்தேன்.

துறைமுகத்தருகே ஆப்ரவாசி காட் என்ற பழைய குடியேற்ற நிலையத்தில் இறங்கினோம். 1834 முதல் ஏறத்தாழ 5 இலட்சம் இந்திய ஒப்பந்தக் கூலிகள் மொரீசியஸுக்கு வந்தார்கள். சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. கரையிறங்கியவர்கள் ஏறிய 16 கற்படிகள் இன்னும் இருக்கின்றன.

அவற்றின் முன் நின்றபோது அந்தப் ‘பாவம்’ உறுத்தியது. இரங்குவதற்குக் கொஞ்சம் உயரத்தில் நிற்க வேண்டும். எனக்கு அந்த உயரம் ஏது? அவர்களின் மொழி, கரும்புத் தோட்டத்தில் பல தலைமுறைகளாகத் தேய்ந்தது. நான் விமானத்தில் வந்தவன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தது. பறிபோனதும் கைவிட்டதும் ஒன்றல்ல. ஆனால் கைவிட்டவர்கள்தான் பறிகொடுத்தவர்களுக்காக இரங்குகிறோம். அந்த இரக்கத்தில் நம் கணக்கு மறைந்துவிடுகிறது.

மாலையில் துறைமுகத்தில் இறக்கிவிடும்போது ஓட்டுநர் கேட்டார்: “உங்கள் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்களா?”

“கொஞ்சம்” என்றேன், ஆங்கிலத்தில். அது பொய்.