ஆசாரி கேட்ட கூலி



மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுவதும் தொய்ந்த கதவைத் தூக்கி மாட்டுவதும் நாமே செய்கிறோம். இது ஆசாரியின் பிழைப்பைக் கெடுக்கும் பாவமோ? இல்லை. அர்ச். சூசையப்பரும் தம் வீட்டுக் கதவைத் தாமே திருத்தியிருப்பார்.

ஆனால் நம் கைக்குக் கதவு அடங்காதபோது ஆசாரியை அழைக்கிறோம். அவர் அரைமணியில் இழைத்து மாட்டிக் கூலி கேட்கிறார். உடனே, “இதற்கு இத்தனையா? நானே செய்திருப்பேனே!” என்கிறோம். (முடியாமல்தானே அழைத்தோம்!) கூலி அரைமணிக்கல்ல, உளி பிடித்துப் பழகிய வருஷங்களுக்கு. பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கிய 90 விதப் பூக்களை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். அதே தொழிலோடு வீட்டு வாசலில் பேரம் பேசுகிறோம்.

கூலியை வஞ்சிப்பது பரலோகத்தை நோக்கி முறையிடும் பாவமென்று ஞானோபதேசத்தில் படித்தோமல்லவா? தொழிலாளி தேவையின் நெருக்கடியால் சம்மதித்தார் என்பதால் மட்டும் குறைந்த கூலி நியாயமாகாது. சிக்கனமாய்ப் பிழைக்கவாவது அது போதவேண்டும் என்று 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் எழுதிய நிருபத்தில் போதித்தார்.

ஆகையால் வேலை தொடங்குமுன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். அவர் உளியைப் பையில் வைக்கும்போதே கொடுத்துவிடுங்கள். “நாளைக்கு வாரும்” என்று நடக்கவைக்காதீர்கள். அவர் வீட்டிலும் அன்று அடுப்பெரிய வேண்டும்.