தொட்டில் சுமந்தவர்கள்

அன்புக்கொடி மக்களே, மாசி மாதம் வந்தால் அய்யாவின் அவதார நாளை நினைக்கிறோம். கொல்லம் 1008, மாசி. நோயில் கிடந்த மகனைத் தொட்டில் கட்டித் திருச்செந்தூருக்குக் கொண்டு போனார் தாயார் வெயிலாள். இந்த வரலாற்றைப் பேசும்போது கடலையும் அவதாரத்தையும் நினைக்கிறோம். தொட்டிலின் கம்பைத் தோளில் வைத்துச் சுமந்தவர்களை நினைப்பதில்லை. பிள்ளை நோயில் விழுந்தால் தாய் அழுவாள். ஆனால் தொட்டிலைத் தாய் தனியாகத் தூக்க முடியாது. அதற்கு ஊர்த் தோள் வேண்டும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஆடி மாதம், நம் தாங்கலுக்கு வரும் ஒரு தாய் தன் ஐந்து வயது மகளைத் தூக்கி வந்தார். "அண்ணா, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருது, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றார். காலில் அங்கங்கே நீலத் தழும்பு. விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன். நெற்றியில் நாமம் இட்டுத் தண்ணீர் கொடுத்தேன். "அய்யா பார்த்துக்கொள்வார், பயப்படாதீங்க, மூன்று ஞாயிறு வாங்க" என்றேன். நாமம் இட்டது தவறில்லை. மூன்று ஞாயிறு என்று சொன்னதுதான் தவறு. மூன்றாவது ஞாயிறு அந்தப் பிள்ளையின் ஈறில் இரத்தம் வந்தது. தர்மபுரிக்குக் கொண்டு போய், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். இரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

திருமண்ணும் தண்ணீரும் மருந்து என்று ஏற்ற வழி நம் வழி. அந்த நம்பிக்கையை நான் விடவில்லை. ஆனால் அய்யா நோயாளியைப் பார்த்து இரங்கினார், காக்க வைக்கவில்லை. பிள்ளைக்கு நாள்பட்ட காய்ச்சல், காரணமில்லாத வெளுப்பு, அடிபடாத இடத்தில் நீலம், கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, கண்மணியில் வெள்ளை ஒளி, இவற்றில் ஒன்றைக் கண்டால் நாமம் இட்ட கையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதைத் தாங்கலில் பணிவிடை செய்யும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நான் சொல்லத் தவறினேன்.

அந்தப் பிள்ளை இன்று இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். சிகிச்சை இன்னும் முடியவில்லை. வாரத்துக்கு ஒருநாள் சின்ன மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிறாள். மீத்தோட்ரெக்ஸேட் என்று பெயர். அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் படித்தேன். அது ஒரு தர்மக் கதையாக இருந்தது.

1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இரண்டு சகோதரர்களை நோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். மேலே படிக்க வசதியில்லை. காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளையும் மாமனாரும் பணம் கொடுக்க, 1922இல் அமெரிக்கா போனார். அங்கே அவரும் கூட இருந்தவர்களும் உண்டாக்கிய மருந்தை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அந்த நோய்க்கு மருந்தே இல்லை. 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. 1948இல் இதை உலகுக்கு அறிவித்தார். தணிந்த நோய் சில மாதத்தில் திரும்பி வந்தது உண்மை. ஆனாலும் கதவு திறந்துவிட்டது. அந்த மருந்தின் தம்பிதான் நம் பிள்ளையின் மஞ்சள் மாத்திரை. சுப்பாராவ் அதே 1948இல் காலமானார். காக்கிநாடாவில் பணம் கொடுத்தவர், அது ஒருநாள் அதியமான்கோட்டையில் ஒரு பிள்ளையின் வாயில் மாத்திரையாகப் போய்ச் சேரும் என்று கனவு கண்டிருப்பாரா?

நம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊர் ஊராகத் தர்மம் கேட்டு, 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். புற்றுநோய் வந்தால் சாகத்தான் போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் இருந்த காலம். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அங்கேயே தங்கி உழைத்தார்கள். 1960இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவு அங்கே வந்தது. 1980களில் அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே சிகிச்சை முறையைப் பல ஆண்டு கடைப்பிடித்து, எந்த மருந்து எந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது என்று எழுதி வைத்தன. பிழைக்கும் பிள்ளைகளின் தொகை உயர்ந்தது. ஆராய்ச்சி என்பது இதுதான். ஒரு பிள்ளைக்குச் செய்ததைக் கவனமாக எழுதி, அடுத்த பிள்ளைக்கு அதைவிட நன்றாகச் செய்வது.

இன்னும் வேலை மீதி இருக்கிறது. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த 100 குழந்தைகளில் 80க்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை எங்கே பிறந்தது என்பதை வைத்து உயிரா சாவா என்று முடிவாகிறது. தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவதையே தர்மம் என்று அய்யா நமக்குச் சொன்னார். இதைவிடத் தாழ்ந்து கிடப்பவர் வேறு யார்?

ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். "அன்னதர்மம் போட்டால் சாப்பிடுகிறவர் முகம் தெரிகிறது. ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் யாருக்குப் போகிறதென்றே தெரியாதே?" நல்ல கேள்விதான். அன்னதர்மத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கிணறு வெட்டுகிறவன் குடிப்பவர் முகத்தைப் பார்த்தா வெட்டுகிறான்? சாமிதோப்பில் முத்திரிக்கிணறு அய்யா காலத்து மக்களுக்கு மட்டுமா? எல்லாச் சாதிக்கும், பின்னால் பிறந்த நமக்கும் சேர்த்துத்தானே? முகம் பார்த்துக் கொடுப்பதில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொள்ளும். முகம் தெரியாத பிள்ளைக்குக் கொடுப்பதில் அதற்கு இடமில்லை.

நாம் வாழும் மண்ணையும் நினைத்துப் பாருங்கள். ஆயுளைக் கூட்டும் அரிய நெல்லிக்கனி அதியமான் கைக்கு வந்தது. தான் தின்னாமல் அவ்வைக்குக் கொடுத்தான். அந்த மன்னன் பெயரைத்தான் நம் ஊர் சுமக்கிறது. முத்துலட்சுமி அம்மையாரும் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் தொடங்கிய இல்லத்துக்கு அவ்வை பெயரைத்தான் வைத்தார்.

அய்யா காணிக்கை வேண்டாம் என்றார். நேர்ச்சையும் பலியும் வேண்டாம் என்றார். அப்படி மிச்சமாகும் பணம் நம் வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிட்டால், நாம் பாதி வழியைத்தான் பின்பற்றுகிறோம். ஆகவே தாங்கல் சார்பாக ஒன்று கேட்கிறேன். ஒரு வீட்டுக்கு ஞாயிறுதோறும் 10 ரூபாய். 40 வீடு சேர்ந்தால் வருடம் 20,800 ரூபாய். அதைப் பிள்ளைகளின் புற்றுநோய்க்குச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் செய்யும் தர்ம மருத்துவமனையின் சொந்தக் கணக்குக்கே நேராக அனுப்புவோம். ரசீதைச் சுவரில் ஒட்டுவோம். கொடுத்தவர் பெயரை ஒட்ட மாட்டோம். செல்போனில் பிள்ளை படத்தைக் காட்டிப் பணம் கேட்பவர்களுக்கு விசாரிக்காமல் அனுப்பாதீர்கள்.

பணம் இல்லாதவர் வருந்த வேண்டாம். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு இரத்தமும் இரத்தத் தட்டணுவும் அடிக்கடி தேவைப்படும். தட்டணுவை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். அதனால் கொடுக்கிறவர் வந்துகொண்டே இருக்க வேண்டும். 18 வயது நிறைந்த உடல்நலமுள்ள இளைஞர்கள் இரத்த வங்கியில் பெயர் கொடுங்கள். நம் இரத்தம் எந்தச் சாதிப் பிள்ளைக்குள் ஓடும் என்று நமக்குத் தெரியாது. அய்யா சொன்ன சமத்துவத்துக்கு இதைவிட நல்ல பணிவிடை எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு அந்தப் பிள்ளை தாங்கலுக்கு வந்தாள். உதிர்ந்த முடி வளர்ந்து இரட்டைச் சடை போட்டிருந்தாள். நாமம் இடக் குனிந்தேன். "மாத்திரை சாப்பிட்டாச்சு மாமா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் மூன்று ஞாயிறு தாமதித்தும் அவளைச் சுமந்த தோள்கள் எத்தனையோ. காக்கிநாடாவில் ஒன்று, பாஸ்டனில் ஒன்று, அடையாற்றில் ஒன்று. அடுத்த தொட்டிலுக்கு நம் தோளைக் கொடுப்போம்.

அய்யா உண்டு.